அர்ச்சனைச் சீட்டு மென்பொருளைப் புதிதாக எழுத 85,000 மலேசிய வெள்ளி: யார் தருவார்கள், அதற்கு அப்புறம்?

பிறைக்காரன் | திங்கள், இரவு 10.40

வணக்கம். நம் கோயில் கவுண்டர்களில் ஓடும் அர்ச்சனைச் சீட்டு மென்பொருளை எழுதியவன் நான்தான். 2010இல் பிறையில் எங்கள் குடும்பம் போகும் கோயிலுக்காக எழுதியது. மூலநிரலை, யாரும் எடுத்து ஓட்டலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற ஜி.பி.எல். உரிமத்தில் பொதுவில் போட்டுவிட்டேன். யார் யார் எடுத்தார்கள் என்று கணக்கு வைக்கவில்லை. ஏதாவது கெட்டுப்போனால் ஃபோன் வரும் இல்லையா, அதை வைத்துப் பார்த்தால் பினாங்கு, கெடா, சிலாங்கூர் சேர்த்து நாற்பது கோயிலுக்குக் குறையாது.

இந்தத் தைப்பூசத்துக்கு முந்தின நாள் இரவு பதினொன்றரைக்கு ஒரு கோயிலிலிருந்து அழைப்பு. கவுண்டரில் இருந்த விண்டோஸ் 7 கணினி படுத்துவிட்டது. செயலாளர் தன் மகளுடைய புது மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நம் மென்பொருள் எழுதியிருப்பது பி.எச்.பி. என்ற நிரல் மொழியில். அதன் புதுப் பதிப்பான பி.எச்.பி. 8ஐப் போட்டு நம் மென்பொருளை ஏற்றினால் வெள்ளைத் திரை. வெளியே பால்குடக் காணிக்கை கட்ட ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். கடைசியில் பழைய ரசீதுப் புத்தகத்தை எடுத்து விடியும்வரை கையால் எழுதினார்கள். மறுநாள் நான் தூரத்திலிருந்தே பழைய பி.எச்.பி. 5.6ஐ ஏற்றிக் கொடுத்தேன். அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2018 டிசம்பரோடு நின்றுபோனது. தெரிந்தேதான் ஏற்றினேன்.

இனி ஒட்டுப்போட முடியாது. முழுதாகத் திருப்பி எழுத வேண்டும். ஒருவர் பத்து மாதம் முழுநேரமாக உட்கார வேண்டும், மாதம் 6,500 என்றால் 65,000. சோதனைக்கும் திரை வடிவமைப்புக்கும் பகுதிநேர ஆள் 12,000. நாலைந்து வகை பிரிண்டர், மற்ற சாமான்கள் 5,000. சர்வருக்கும் இதர செலவுக்கும் 3,000. ஆக 85,000 வெள்ளி. எனக்கு வயது 47, பகலில் வேறு வேலை. அந்த முழுநேர ஆள் நானாக இருக்க வேண்டும் என்பதில்லை. கருத்துச் சொல்லுங்கள்.

செந்தூல்_ராஜி | திங்கள், இரவு 11.25

அண்ணா, காசுப் பேச்சு அப்புறம். ஏன் முழுதாக எழுத வேண்டும்?

நெட்ஸ்கேப் உலாவி நினைவிருக்கிறதா? 1998இல் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டு, பழைய நிரல் தேறாது என்று ஓரம் கட்டிவிட்டுப் புதிதாக எழுத உட்கார்ந்தார்கள். 1997இல் 4ஆம் பதிப்பு வந்தது. அடுத்தது 2000 நவம்பரில் 6ஆம் பதிப்பாக வந்தது. நடுவில் 5 வரவே இல்லை. வந்த 6உம் அரைவேக்காடு. அதற்குள் ஊரெல்லாம் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்குப் போயாகிவிட்டது. அவர்கள் பின்னால் பெரிய நிறுவனம் இருந்தது. உங்கள் பின்னால் யார் இருக்கிறார்கள்?

லிப்ரேஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள்காரர்கள் அப்படிச் செய்யவில்லை. அதன் மூதாதையான ஸ்டார்ஆபீஸ் காலத்து நிரல், உள்ளே குறிப்புகள் எல்லாம் ஜெர்மன் மொழியில். அதைத் தூக்கிப் போடாமல், வருடக்கணக்காகக் குறிப்புகளை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டே, செத்த நிரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் களைந்தார்கள். வீட்டில் குடியிருந்துகொண்டே ஓடு மாற்றுகிற வேலை அது. உங்கள் நிரல் அவ்வளவு பெரிதுகூட இல்லை.

கேபோங்_பையன் | செவ்வாய், காலை 8.02

85,000 கொடுத்தால் சுங்கைவேயில் இருக்கும் ஏதாவது கம்பெனி இதைவிட அழகாகச் செய்து தருமே? சும்மா கேட்கிறேன்.

பிறைக்காரன் | செவ்வாய், மதியம் 1.10

கேபோங் தம்பி, செய்து தருவார்கள். நாற்பது கோயிலும் ஆளுக்கு ஒரு தடவை அதே காசைக் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்காகத்தானே திறந்த நிரல்.

ராஜி, கேள்வி சரிதான். சாப்பாட்டு நேரத்தில் எண்ணிப் பார்த்தேன். தரவுத்தளத்தோடு பேசும் பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகள் 212 இடத்தில் நேரடியாக எழுதியிருக்கின்றன. 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7 அந்தக் கட்டளைகளையே எடுத்துவிட்டது. இது மட்டும் என்றால் நீங்கள் சொல்வதுபோல் ஒவ்வொன்றாக மாற்றலாம். பொறுமை இருந்தால் போதும்.

உண்மையான வினை அச்சடிக்கும் பகுதியில் இருக்கிறது. 80 மில்லிமீட்டர் ரோல் போடும் வெப்ப பிரிண்டர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆங்கிலம் அனுப்பினால் தன்னிடம் உள்ள எழுத்தை அடிக்கும். தமிழ் அனுப்பினால் கேள்விக்குறியாக அடிக்கும். அதனால் சீட்டு முழுவதையும் ஒரு படமாக வரைந்து, அகலத்துக்கு 576 புள்ளி என்று அனுப்புகிறோம். அந்தப் படத்தை வரையும் நிரலுக்கோ தமிழ் எழுத்தைக் கோர்க்கத் தெரியவில்லை. இன்று எல்லாரும் பயன்படுத்தும் எழுத்துக்குறி முறையான யூனிகோடில் 'கொ' என்றால் முதலில் க, பிறகுதான் கொம்பும் காலும் சேர்ந்த குறி. வரையும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். 2010இல் எனக்குத் தெரிந்த ஒரே வழி, யூனிகோடை உள்ளுக்குள் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக்குறி முறைக்கு மாற்றி, பழைய திஸ்கி எழுத்துருவில் வரைவது. திஸ்கியில் கொம்பு முதலிலேயே உட்கார்ந்துவிடும், பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். பதினைந்து வருடமாக அந்த மாற்றி நிரலுக்குத்தான் ஒட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். கைப்பேசியிலிருந்து ஒட்டும் பெயர்களில் புது ஶ வந்தால் சீட்டில் அந்த இடம் வெறும் கட்டம். அர்ச்சகர் கட்டத்தை எப்படி வாசிப்பார்?

பொருளாளர்_ஐயா | செவ்வாய், மாலை 6.48

நான் பட்டர்வொர்த் பக்கம் ஒரு கோயிலில் பதினெட்டு வருடம் பொருளாளராக இருந்தவன். நிரல் தெரியாது. இந்த மென்பொருளைத் தினமும் பயன்படுத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பெயர் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் கோயிலில் கௌரி என்று ஒரு அம்மா. வருடா வருடம் நவராத்திரியில் ஒருநாள் உபயம் அவர்களுடையது. ஒரு வருடம் நினைவூட்டல் கடிதம் போகவில்லை. அம்மாவுக்குக் கோபம், 'என்னை மறந்துவிட்டீர்களா' என்று. தேடினால் ஒரு 'கௌரி' இருக்கிறார், அவருக்கு உபயம் இல்லை. இன்னொரு 'கெளரி' இருக்கிறார், உபயம் இருக்கிறது, முகவரி இல்லை. கவுண்டரில் இருந்த பிள்ளை ஒருத்தி ஔகாரக் குறி போட்டு அடித்திருக்கிறாள், இன்னொருத்தி கொம்பு போட்டுப் பக்கத்தில் ள போட்டு அடித்திருக்கிறாள். நம் கண்ணுக்கு ஒரே கௌரி. கணினிக்கு இரண்டு பெண்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. 2001இல் கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு நடந்தபோதே எழுத்துக்குறிச் சண்டை எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தவன் நான். அது கிடக்கட்டும்.

காசு விஷயம். தம்பி, 85,000 வசூலாகும். பயப்படாதே. கும்பாபிஷேகம் என்றால் நம் ஆட்கள் கொடுப்பார்கள். புதுக் கலசம், புது வண்ணம், கல்வெட்டில் பெயர், எல்லாருக்கும் தெரியும். அடுத்த நாள் காலை விளக்குக்கு எண்ணெய் வாங்கக் காசு கேட்டுப் பார், அப்போது தெரியும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் விசேஷத்துக்கு வரும் பணம் நித்திய பூஜைக்கு வராது. உன் கணக்கில் பத்து மாதம் வரைக்கும்தான் இருக்கிறது. பதினோராவது மாதம் ஃபோன் வந்தால் யார் எடுப்பது?

பிறைக்காரன் | செவ்வாய், இரவு 9.30

ஐயா, உண்மையைச் சொன்னால் அதை நான் எழுதவே இல்லை. பழக்கதோஷம். ஃபோனை நான்தான் எடுப்பேன் என்று நினைத்துவிட்டேன் போல.

பாயான்லெப்பாஸ்_இரவுப்பணி | புதன், அதிகாலை 3.15

ஷிஃப்ட் இடைவேளையில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுக்கவும்.

ஐயா சொன்னது கோயிலில் மட்டும் இல்லை, உலகம் முழுக்க அப்படித்தான். 2014 ஏப்ரலில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற திறந்த பாதுகாப்பு நிரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளிவந்தது. வங்கி, மின்னஞ்சல், கடை என்று இணையத்தில் பெரும்பகுதி அந்த நிரலை நம்பித்தான் பூட்டுப் போட்டிருந்தது. அந்தத் திட்டத்துக்கு வருடத்துக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேர ஆள் ஒரே ஒருவர். ஓட்டை உலகத்துக்குத் தெரிந்த பிறகுதான் பெரிய நிறுவனங்கள் பணப்பையைத் திறந்தன. மின்னஞ்சலையும் கோப்புகளையும் மறையாக்கம் செய்யும் ஜி.என்.யூ.பி.ஜி.யை எழுதும் வெர்னர் கோக்கும் அப்படித்தான். தனியாளாக இழுத்துக்கொண்டிருந்தார், 2013 வாக்கில் விட்டுவிடலாமா என்ற நிலைமை. 2015 பிப்ரவரியில் ஒரு செய்திக் கட்டுரை வந்ததும் ஒரே நாளில் நன்கொடை கொட்டியது. ஃபேஸ்புக்கும் ஸ்டிரைப்பும் வருடத்துக்கு ஆளுக்கு 50,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள்.

ஆனால் எனக்கு அதைவிடப் பாடமாகத் தெரிவது, இணையத்தில் தரவு அனுப்பவும் வாங்கவும் உதவும் கர்ல் என்ற நிரலின் கதை. அதற்குள் ஒரு பகுதியை ரஸ்ட் மொழியில் எழுதிய ஹைப்பர் என்ற நூலகத்துக்கு மாற்ற, 2020இல் ஐ.எஸ்.ஆர்.ஜி. என்ற அமைப்பு பணம் கொடுத்தது. வேலை நடந்தது, தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஓடியது. கடைசிக் கொஞ்சத்தை முடிக்க ஆள் வரவில்லை. பயன்படுத்தவும் யாரும் கேட்கவில்லை. கர்ல் எழுதியிருக்கும் சி, ரஸ்ட் என இரண்டு மொழியும் தெரிந்து இரண்டு பக்கமும் அக்கறை உள்ளவர் கிடைக்கவில்லை. 2024 டிசம்பரில், எடுத்துவிடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். பணம் இருந்தது, திறமை இருந்தது. அன்றாடம் குடியிருக்க ஆள் இல்லை.

சரி, மணி அடித்துவிட்டது.

கேபோங்_பையன் | புதன், காலை 9.20

அப்படியென்றால் ஒரு சீட்டுக்கு 5 சென் என்று வைத்தால் என்ன? மாதம் 3,000 சீட்டு போடும் கோயில் 150 வெள்ளி கட்டும். சின்னக் கோயில் பத்து வெள்ளி கட்டும். நியாயமாகத்தானே இருக்கிறது?

பிறைக்காரன் | புதன், மதியம் 12.55

எத்தனை சீட்டு என்று எனக்கு எப்படித் தெரியும்? மென்பொருள் எனக்குச் சொல்ல வேண்டும். பக்தர்கள் பெயர், நட்சத்திரம், ராசி இருக்கும் கணினி என் சர்வரோடு பேச வேண்டும். எந்த நிர்வாகமும் ஒத்துக்கொள்ளாது, நானும் ஒத்துக்கொள்ள மாட்டேன். தவிர, ஜி.பி.எல். நிரலில் எண்ணும் பகுதியை யார் வேண்டுமானாலும் அழித்துவிட்டு ஓட்டலாம். அது அவர்கள் உரிமை.

விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஜி.பி.எல். அப்படி எங்கேயும் சொல்வதில்லை. ஏற்றிக் கொடுக்க, சொல்லிக் கொடுக்கக் காசு வாங்கலாம். நான் வாங்காமல் பழகிவிட்டேன், அது என் தப்பு.

வாணி_கிள்ளான் | புதன், மாலை 5.05

காசு யார் பெயரில் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லையே. தனிப்பட்ட கணக்கில் 85,000 வந்தால், அண்ணாவுக்கு வருமான வரியில் விளக்கம் சொல்ல வேண்டும், ஊருக்கும் சொல்ல வேண்டும். சங்கமாகப் பதிவதென்றால் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், வருடா வருடம் கூட்டம் போட்டு சங்கப் பதிவிலாகாவான ஆர்.ஓ.எஸ்.ஸுக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். ஏழு பேர் கிடைப்பார்கள். எட்டாவது வருடம் அந்த ஏழு பேரும் பேசிக்கொள்வார்களா என்பதுதான் கேள்வி. நன்கொடை கொடுப்பவருக்கு வரிக்கழிவு வேண்டும் என்றால் வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் வாங்கும் அனுமதி தனி. அது உடனே நடக்கிற காரியம் இல்லை, அதை நம்பி யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

என் அனுபவம் ஒன்று. எந்த அமைப்பு என்று சொல்ல மாட்டேன். கைப்பேசிச் செயலி ஒன்றுக்காக விருந்து வைத்து வசூல் செய்தோம். நான்தான் மேசைகளுக்கு நடுவே உண்டியல் ஏந்திப் போனவள். வெளியீட்டு விழா, பொன்னாடை, படம் எல்லாம் ஆனது. இரண்டாம் வருடம் ஆப்பிளுக்கு ஆண்டுச் சந்தா 99 டாலர் கட்ட வேண்டும். அட்டை யாருடையது என்பதில் தகராறு. கட்டவில்லை. செயலி கடையிலிருந்து காணாமல் போய்விட்டது. 99 டாலருக்கு! அந்த விருந்தில் பூ அலங்காரம் அதைவிடக் கூடுதல். இன்றைக்கும் யாராவது 'அந்தச் செயலி என்னம்மா ஆச்சு' என்று கேட்டால் நான் பேச்சை மாற்றுகிறேன்.

செந்தூல்_ராஜி | புதன், இரவு 10.10

இரண்டு நாளாக நிரலை இறக்கிப் பார்த்தேன். அண்ணா, கோபித்துக்கொள்ளாதீர்கள், சில இடங்களில் தலையில் கை வைத்துக்கொண்டேன். நட்சத்திரம் 27ஐயும் மூன்று வெவ்வேறு கோப்புகளில் மூன்று எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் உங்கள் பக்கமும் புரிந்தது. அச்சுப் பகுதியை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முடியாது. நான் முன்பு சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அச்சும் பெயர்ப் பதிவும் புதிதாக எழுத வேண்டியவை. எழுத்துக் கோர்வைக்கு இன்று ஹார்ஃப்பஸ் என்ற திறந்த நூலகம் இருக்கிறது, திஸ்கி வேலையே வேண்டாம். ஐயா சொன்ன கௌரி வினைக்குப் பெயரைச் சேமிக்கும்போதே ஒழுங்குபடுத்தும் சின்ன நிரல் போதும், இரண்டு விதமாக அடிக்கப்படும் ஸ்ரீக்கும் அதே மருந்து. இந்த இரண்டையும் தனித் துண்டாக எழுதிப் பழைய மென்பொருளோடு இணைத்துவிடலாம். மற்றவை பழைய நிரலாகவே இருக்கட்டும். 212 இடத்தை வார இறுதிகளில் நானே மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம்.

பிறைக்காரன் | வியாழன், காலை 7.15

ராஜி, மனசு நிறைந்தது. ஆனால் 'காசு வேண்டாம்' என்பதில்தான் எனக்குப் பயம். அச்சுப் பகுதியை எழுதுகிறவருக்கு மாதம் 6,500. உங்களுக்கு நன்றி மட்டும். மூன்றாவது மாதம் உங்களுக்கு என்ன தோன்றும்?

பாயான்லெப்பாஸ்_இரவுப்பணி | வியாழன், மதியம் 2.40 (எனக்கு அதிகாலை மாதிரி)

நியாயமான பயம். தொண்டூழியர்கள் சேர்ந்து கட்டும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 2006இல் நடந்தது இதுதான். அடுத்த பதிப்பை நேரத்தில் வெளியிட வெளியீட்டு மேலாளர்கள் இருவருக்கு மட்டும் பணம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள், டங்க்-டேங்க் என்று பெயர். மற்றவர்கள் எல்லாம் தொண்டூழியர்கள். 'அப்படியா, காசு வாங்குகிறவர்களே செய்யட்டும்' என்று சிலர் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள். டிசம்பரில் வர வேண்டிய பதிப்பு 2007 ஏப்ரலில் வந்தது. பணம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் கசப்பு நிஜம்.

எதிர் உதாரணமும் உண்டு. தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளை 2012இல் அதை உருவாக்கிய மொசில்லாவே ஓரம் கட்டியது. பிற்பாடு பயனர்களிடம் நேராகவே கேட்டார்கள். 2022இல் மட்டும் 64 லட்சம் டாலர், பெரும்பாலும் சின்னச் சின்ன நன்கொடை. அந்தப் பலத்தில் ஆள் வைத்து, இருபது வருட நிரலைப் பிரித்துக் கட்டி, 2023 ஜூலையில் புது முகத்தோடு 115ஆம் பதிப்பைக் கொண்டுவந்தார்கள். முழுதாகத் தூக்கிப் போடவில்லை, ராஜி சொன்ன மாதிரிதான், ஓடுகிற வண்டியிலேயே சக்கரம் மாற்றினார்கள். முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரும் 2002இல் ஏழே வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி, மூடிக்கிடந்த தன் மூலநிரலுக்கு விடுதலை வாங்கியது. இன்று அது நிற்பது அந்த ஒரு லட்சத்தால் இல்லை, மாதா மாதம் வரும் சந்தாவால்.

கேபோங்_பையன் | வியாழன், மாலை 4.00

தண்டர்பேர்டுக்குக் கோடிக்கணக்கில் ஆள் இருக்கிறார்கள் அண்ணே. நமக்கு நாற்பது கோயில். சீட்டு வாங்குகிற பக்தருக்கு இப்படி ஒரு மென்பொருள் இருப்பதே தெரியாது.

பொருளாளர்_ஐயா | வியாழன், இரவு 8.20

அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். நமக்குத் தெரிந்த வழியிலேயே போகலாம்: கட்டளை.

புது ஆட்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் திருவிழா மூன்றாம் நாள் உபயம் ஒரு குடும்பத்துடையது. அந்தத் தாத்தா தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர், அவர் எழுதி வைத்தது. அவர் போய் நாற்பது வருடம் இருக்கும். பேரன் இப்போது மெல்பர்னில். ஒவ்வொரு வருடமும் திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே பணம் வந்துவிடும், நான் ஒருதடவைகூடக் கேட்டதில்லை. அந்தப் பேரனுக்குப் பொருளாளர் யார், தலைவர் யார் என்பதெல்லாம் தெரியாது. மூன்றாம் நாள் தாத்தாவுடையது, அவ்வளவுதான் தெரியும்.

மென்பொருளைப் பார்த்துக்கொள்ள மாதம் எவ்வளவு ஆகும்? தம்பி என்னிடம் ஃபோனில் சொன்னது: மாதம் மூன்று நாள் வேலை, நாளுக்கு 300 வீதம் 900. சர்வர் 100. ஆக ஆயிரம். வருடம் 12,000. கோயில்களிடம் கேட்டால் நாற்பது கோயிலும் வருடம் 300 தர வேண்டும். தருவார்கள், முதல் வருடம். அடுத்த பொதுக்கூட்டத்தில் நிர்வாகம் மாறும், புதுச் செயலாளர் 'இது என்ன 300' என்பார். நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். அதனால் கோயிலிடம் கேட்காதே, குடும்பத்திடம் கேள். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு குடும்பம், வருடத்துக்கு ஒரு தடவை ஆயிரம் வெள்ளி. சித்திரை மாதக் கட்டளை இன்னார் குடும்பம் என்று எழுதி வை. தாத்தா பாட்டி பெயரில்.

தைக் கட்டளை என்னுடையது. என் மனைவி பெயரில். இப்போதே சொல்லிவிட்டேன், வேறு யாருக்கும் கொடுக்காதே.

செந்தூல்_ராஜி | வியாழன், இரவு 9.05

ஐயா... சரி, நான் ஒரு நிமிடம் எழுந்து போய்விட்டு வந்தேன்.

ஒரு நடைமுறைக் கேள்வி. பெயர் எங்கே வரும்? சீட்டின் அடியில் போட்டால் அர்ச்சகர் தப்பாக அந்தப் பெயருக்கே அர்ச்சனை செய்துவிடப் போகிறார்.

பொருளாளர்_ஐயா | வியாழன், இரவு 9.22

சீட்டில் வேண்டவே வேண்டாம் அம்மா. டியூப் லைட்டில் உபயம் எழுதியே வெளிச்சத்தை மறைத்த கூட்டம் நாம். காலையில் கவுண்டர் கணினியைத் திறக்கும்போது முதல் திரையில் ஒரு வரி வந்தால் போதும். கவுண்டரில் உட்காருகிற பிள்ளை ஒரு தடவை படிக்கும்.

வாணி_கிள்ளான் | வியாழன், இரவு 11.40

இது பிடித்திருக்கிறது. ஆனால் சட்டப்படி கணக்கு எங்கே என்பது இன்னும் நிற்கிறது. புதுச் சங்கம் பதிய வேண்டாம், அதை ஏற்கெனவே ஒரு தடவை பார்த்தாயிற்று. பதிவுள்ள ஒரு சங்கத்தின் கீழே தனித் துணைக்கணக்காக வைக்கலாம், அவர்கள் தணிக்கையிலேயே இதுவும் போகும். எழுத்தில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பணத்தை எடுக்க இரண்டு கையெழுத்து, மாதா மாதம் வரவுசெலவு பொதுவில் போடுவது, டொமைன் பெயரும் சர்வரும் யார் அட்டையில் இருக்கின்றன, அவர் இல்லாவிட்டால் யார் கட்டுவார் என்பது. மூன்றாவதை ஒருத்தரும் எழுதுவதில்லை. நான் எழுதித் தருகிறேன். ஆனி மாதம் எங்கள் அப்பா பெயரில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேபோங்_பையன் | வெள்ளி, காலை 8.30

அரசாங்கம் கொண்டுவந்த மின்விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) பற்றி எங்கள் கோயில் தலைவர் தினமும் கேட்கிறார். அதையும் இதில் சேர்ப்பீர்களா?

பிறைக்காரன் | வெள்ளி, மதியம் 1.05

தம்பி, அது 2024 ஆகஸ்டில் ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்யும் கம்பெனிகளிலிருந்து தொடங்கியது. உங்கள் கோயில் உண்டியலில் அவ்வளவு விழுகிறது என்றால் 85,000ஐ நீங்களே கொடுத்துவிடலாம். விளையாட்டுக்குச் சொன்னேன். கோயிலுக்குப் பொருந்துமா என்பதைக் கணக்காளரிடம் கேளுங்கள், முதல் கட்டத்தில் அது இல்லை.

நேற்றிரவு உட்கார்ந்து கணக்கைத் திருப்பிப் போட்டேன். 85,000 வேண்டாம். அச்சும் பெயர்ப் பதிவும் மட்டும். முழுநேரமாக இரண்டு மாதம் 13,000, பிரிண்டர்களுக்கு 2,500. மொத்தம் 15,500. ராஜி செய்யும் 212 இடத்துக்கும் அதே நாள் கணக்கில் காசு உண்டு. வேண்டாம் என்றால் வாங்கி ஏதாவது ஒரு மாதக் கட்டளைக்குக் கொடுத்துவிடுங்கள், ஆனால் கணக்கில் ஏறட்டும். எட்டு நாள் என்று வைத்தால் 2,400. ஆக 17,900. அது முடிந்து மூன்று கோயிலில் ஒரு தைப்பூசத்தைத் தாண்டிய பிறகுதான் அடுத்த கட்டத்துக்குக் காசு கேட்பேன்.

இன்னொன்று. பன்னிரண்டு கட்டளையில் குறைந்தது எட்டு நிரம்பாமல் எழுதும் வேலையைத் தொடங்க மாட்டேன். 17,900 முழுதாகக் கையில் இருந்தாலும் தொடங்க மாட்டேன்.

செந்தூல்_ராஜி | வெள்ளி, மதியம் 1.40

ஒத்துக்கொள்கிறேன். காசையும் வாங்கிக்கொள்கிறேன், கௌரவத்துக்கு இழுக்கில்லை. எட்டு நாள் போதாது, பத்து நாள் போடுங்கள், நட்சத்திரப் பட்டியலையும் நானே சரி செய்கிறேன். 18,500.

பழைய பதிப்புக்கு இந்த நேரத்தில் ஃபோன் வந்தால்?

பிறைக்காரன் | வெள்ளி, மதியம் 1.52

நான் எடுப்பேன். மாதம் மூன்று நாள் கணக்கில்.

பாயான்லெப்பாஸ்_இரவுப்பணி | வெள்ளி, இரவு 7.30

ஐப்பசி எனக்கு. அம்மா பெயர். இதுவரை எத்தனை ஆச்சு, தை, ஆனி, ஐப்பசி. மூன்று.

செந்தூல்_ராஜி | வெள்ளி, இரவு 8.15

நாளை காலை இ.டி.எஸ். ரயில் பிடித்து பட்டர்வொர்த் வருகிறேன். வார இறுதி முழுக்க அங்கேதான். படம் அனுப்பிப் பார்க்காமல் அந்த பிரிண்டரைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது.

பொருளாளர்_ஐயா | வெள்ளி, இரவு 8.31

ஞாயிறு காலை வீட்டுக்குப் பசியாற வாருங்கள், எல்லாரும். பழைய பிரிண்டர் என் கார் பின்னால்தான் மூன்று மாதமாகக் கிடக்கிறது. ரோல் மட்டும் வாங்கி வரவும், 80 மில்லிமீட்டர். போன தடவை யாரோ 58 வாங்கி வந்துவிட்டார்கள்.